செம்பும் அதன் அழுக்கும்

தூய செம்பை லேத்தில் கடைந்தவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். வெட்டுளியில் அப்பிக்கொள்ளும், அறுபடாமல் நீண்ட சுருளாக வந்து கையைக் கிழிக்கும். என் மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கடைவதற்கு எளிதான பித்தளைக்கு 100 மதிப்பெண் என்றால் செம்புக்கு 20தான்.

அரை சதவீத அளவு டெலுரியம் சேர்த்தால் அதுவே 85 ஆகிவிடும். செம்பில் கரையாத டெலுரைடுத் துகள்கள் சுருளைத் துண்டுதுண்டாக முறிக்கின்றன. மின்கடத்துதிறனோ தூய செம்பில் 90 சதவீதத்துக்குக் குறைவதில்லை. மின் இணைப்பு முனைகளுக்கு அது போதும்.

செம்பை மின்னாற்பகுத்துத் தூய்மைப்படுத்தும்போது அடியில் தங்கும் சேற்றிலிருந்துதான் பெரும்பாலான டெலுரியம் கிடைக்கிறது. அழுக்கென்று விலக்கியதை அளந்து திரும்பச் சேர்த்தபின்தான் செம்பு கைக்கு இணங்குகிறது. தழும்பைத் தடவும்போது, குறை சொல்லி நான் விலக்கிய நண்பர்கள் சிலர் நினைவுக்கு வருகிறார்கள்.