செவலைக்குப் போட்ட ஊசி

சில இதழ்களுக்கு முன் நம் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘என் வீட்டு நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. நன்றாகத் தின்கிறது. ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறது. என்ன நோய்?’ சர்க்கரை நோயாக இருக்கலாம், ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துப் பாருங்கள் என்று பதில் வந்திருந்தது. அதைப் படித்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன். நான் மருத்துவன் இல்லை. போடிமெட்டில் வீடு, பூப்பாறை போகும் வழியில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். இரண்டு வருடமாக எங்கள் நாய்க்குக் காலையும் மாலையும் இன்சுலின் போட்டு வருகிறேன். அந்த அனுபவத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் நாயின் பெயர் செவலை. கோம்பை ஜாதி, பெட்டை. கோம்பை ஊர் நம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி. காய் எடுக்கும் காலத்தில் ஸ்டோரில் பச்சைக்காய் கிடக்கும்போது ராத்திரிக் காவல் அதுதான். ஏலக்காய் விலை ஏறினால் காய் திருட்டும் ஏறும் என்பது மலையில் தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். செவலை இருந்ததால் எங்கள் ஸ்டோரில் ஒரு படி காய்கூடத் தொலைந்தது இல்லை.

அதற்கு எட்டு வயதானபோது, பருவத்துக்கு வந்து போன இரண்டு மாதத்தில் ஆள் மாறிவிட்டது. ஒரு சட்டித் தண்ணீர் போதாமல் மூன்று சட்டி குடித்தது. ராத்திரியில் காவலை விட்டுவிட்டு நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க ஓடியது. வைத்த சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். வாசல் கல்லில் செவலை சிறுநீர் கழித்த இடத்தில் கட்டெறும்பு மொய்த்திருந்தது. “ஏய், இதுக்கும் என் வியாதிதான்டா வந்திருக்கு” என்றார்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அவருடைய குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தது. ஆனால் நாய்க்கு எங்கே குத்துவது என்று தெரியவில்லை. மறுநாள் ஜீப்பில் ஏற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, கீழே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். ரத்தச் சர்க்கரை 430 இருந்தது. சிறுநீரிலும் சர்க்கரை.

“மாத்திரை கொடுங்க டாக்டர்” என்றேன்.

“நாய்க்கு மாத்திரை வேலை செய்யாதுண்ணே. அதோட கணையத்துல இன்சுலின் சுரக்கிறதே அநேகமா நின்னு போயிருக்கும். வெளியிலிருந்து ஊசியாத்தான் கொடுக்கணும். தினமும் ரெண்டு வேளை, ஆயுசு பூரா” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் மனைவியின் அண்ணன் நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை: “மாப்ள, அது படுற பாட்டுக்கு ஒரே ஊசியாப் போட்டு விட்டுருங்க. புண்ணியமாப் போகும்.” ஒரே ஊசி என்றால் என்னவென்று உங்களுக்குப் புரியும். அந்த ராத்திரி எனக்கும் அது சரிதானோ என்று தோன்றியது. காய் எடுப்பு ஆரம்பிக்கும் நேரம். ஆள் கூலி, உரம், மருந்து எல்லாம் கடனில் ஓடிக்கொண்டிருந்தது. நாய்க்கு ஆயுசு பூரா ஊசி என்றால் யாரும் சிரிப்பார்கள். வெளியே வந்து பார்த்தேன். செவலை அத்தனை மெலிந்த உடம்போடு ஸ்டோர் வாசலில் எப்போதும் போல் படுத்திருந்தது. ஒரு மாதம் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதல் ஊசிக்கு என் கை நடுங்கியது. ஏலச்செடிக்கு மருந்து அடித்த கைக்கு இந்தச் சின்ன ஊசி பயமாக இருந்தது. மருத்துவர் சொல்லிக் கொடுத்த முறை இதுதான். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. சொன்ன யூனிட் அளவுக்கு மருந்தை இழுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்ற வேண்டும். பிடரியிலோ விலாப் பக்கத்திலோ தோலை விரலால் தூக்கினால் கூடாரம் மாதிரி நிற்கும். அதன் அடியில் ஊசியைச் சாய்வாக நுழைத்து அழுத்த வேண்டும். தினமும் இடத்தை மாற்ற வேண்டும். செவலை சாப்பிட்டு முடித்த கையோடு போட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெல்லிய ஊசி, வலி பெரிதாக இல்லை. பயந்தது நான்தான்.

ஊசி போடுவது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. கஷ்டம் நேரத்தைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது. காலை ஆறரை, மாலை ஆறரை. பன்னிரண்டு மணி நேர இடைவெளி. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பாடும் தினமும் ஒரே அளவு. சோற்றைக் குறைத்து, கேப்பைக் களி, கோழிக்கறி, வேகவைத்த பூசணி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வேலையாட்கள் டீ குடிக்கும்போது பிஸ்கட் போடுவது செவலைக்குப் பழக்கம். போடியிலிருந்து ஜீப்பில் வரும் அக்காமார் ஒவ்வொருவரிடமும் போய், “அதுக்குச் சர்க்கரை, எதுவும் போட்ராதீங்கக்கா” என்று சொல்லி வைத்தேன். “மனுசனுக்குச் சொன்னாலே கேக்க மாட்டாங்க, நாய்க்காண்ணே?” என்று சிரித்தார்கள். ஆனால் கேட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு தவறு நடந்தது. சிரிஞ்சு தீர்ந்து போய், ஒரு கடையில் அவசரமாக வாங்கி வந்தேன். நான்கு நாளில் செவலை பழையபடி தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. சிரிஞ்சைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. அதற்கு ஏற்ற சிரிஞ்சும் தனித்தனி. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. எங்களுடையது 40 குப்பி. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 7 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது மூன்று யூனிட்கூட இல்லை. இதையே திருப்பி, 100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 7 கோடு வரை இழுத்தால் பதினேழரை யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. வாங்கும்போது குப்பியில் எழுதியிருக்கும் எண்ணையும் சிரிஞ்சின் மூடியையும் நானே பார்த்திருக்க வேண்டும். வீட்டில் மனிதர்களுக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. கார்த்திகை மாதம், மழையும் மூடுபனியும். காய் எடுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வர ஏழே கால் ஆகிவிட்டது. செவலைக்கு ஊசி நேரம் தாண்டிவிட்டதே என்று அவசரமாகப் போட்டேன். ஆறரைக்கே என் மனைவி போட்டிருந்தாள். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டோர் பக்கம் ஏதோ விழுகிற சத்தம். செவலை எழுந்து நடக்கப் பார்க்கிறது, பின்னங்கால் பின்னிக்கொண்டு சாய்கிறது. உடம்பு நடுக்கம். கண் எங்கேயோ பார்க்கிறது. மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். “நீங்களும் போட்டீங்களா?” என்றாள்.

காது ஓரத்தில் குத்தி அம்மாவின் மீட்டரில் பார்த்தோம். 41. மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தேனை விரலில் எடுத்து ஈறில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவில் விரலை விடக் கூடாது. பத்து நிமிடத்தில் தலையைத் தூக்கியது. விழுங்க முடிகிறது என்று தெரிந்ததும் சோறும் முட்டையும் கொடுத்தோம். மருத்துவரை எழுப்பிப் போனில் கேட்டோம். போட்ட மருந்து இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும், மணிக்கு ஒருதரம் பாருங்கள், காலை ஊசி வேண்டாம், விடிந்ததும் கொண்டு வாருங்கள் என்றார். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியும் வரை செவலையின் பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டரின் எண்ணை நோட்டில் எழுதினாள்.

மறுநாள் அவளே தினசரிக் காலண்டரை ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாட்டி, பேனாவைக் கயிற்றில் கட்டிவிட்டாள். ஊசி போட்டவர் அங்கேயே நேரத்தை எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால் போட்டவரைக் கேட்காமல் யாரும் சிரிஞ்சைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு அப்படி ஒரு ராத்திரி வரவில்லை. இதோடு இரண்டு விதிகளையும் மருத்துவர் சேர்த்தார். ஊசி போடும்போது நாய் துள்ளி, மருந்து மயிரில் சிந்தியதா உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது, அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும். சாப்பிடாத நாளில் வழக்கமான அளவைப் போடக் கூடாது, போன் செய்து கேட்க வேண்டும்.

அந்த மாசியில் செவலைக்குக் கருப்பையை எடுத்தோம். பெட்டை நாய் பருவத்துக்கு வந்த பிறகு சுரக்கும் ஹார்மோன், இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்குமாம். அறுவைக்குப் பிறகுதான் அளவு ஒரு நிலைக்கு வந்தது. வேளைக்கு 7 யூனிட். 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கிறது, எங்களுக்கு 28 நாள் வருகிறது. திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால் கணக்கும் சரியாக இருக்கிறது. குப்பியும் சிரிஞ்சும் சேர்த்து மாதம் எழுநூறு, எண்ணூறு ரூபாய் ஆகிறது.

மருந்தைக் கீழேயிருந்து மேலே கொண்டு வருவதே ஒரு வேலை. போடி வெயிலில் ஜீப்பின் முன் கண்ணாடி ஓரம் வைத்தால் கெட்டுவிடும். பனிக்கட்டியில் நேராகப் பட்டு உறைந்தாலும் கெட்டுவிடும். துணியில் சுற்றி ஃபிளாஸ்க்கில் வைத்துக் கொண்டுவருகிறேன். ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்க வேண்டும், ஐஸ் அறையில் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போனால் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் டப்பாவை வைத்துவிடுவேன். எங்கள் மலைக் குளிருக்கு அது போதும்.

இன்னொன்று. போட்ட ஊசியைக் குப்பைக் குழியில் எறியாதீர்கள். ஏலக்காய் தரையோடு தரையாகச் சரத்தில் காய்ப்பது. வேலையாட்கள் செடி அடியில் உட்கார்ந்து சருகை விலக்கிக் கையால்தான் எடுக்கிறார்கள். குப்பை உரத்தோடு ஒரு ஊசி தோட்டத்துக்குப் போனால் யார் விரலில் ஏறும் என்று சொல்ல முடியாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுகிறேன்.

என் மகள் ஒருநாள் பள்ளி நூலகப் புத்தகத்தோடு வந்தாள். 1889-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்தபோதுதான், சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்ததாம். 1921-ல் கனடாவின் டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களை வைத்தே இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு அதை முதலில் போட்டார்கள். அதற்கு முன் அந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் இழுத்துப் பிடிக்கத்தான் முடிந்தது. “அப்பா, நாயாலதான் நமக்கு இந்த மருந்தே கிடைச்சிருக்கு” என்றாள்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இன்சுலினுக்கு மாறச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. “ஊசிக்குப் போனா கடைசிதான்” என்று பிடிவாதமாக மறுத்துவந்தார். என் அப்பா அப்படித்தான் மறுத்து மறுத்துக் கால் புண்ணில் போனார். அன்று அம்மா செவலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் இந்தச் சின்ன ஊசிதானாடா?” என்று கேட்டார். அடுத்த வாரம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இப்போது ஃபிரிட்ஜில் இரண்டு டப்பா இருக்கிறது. பச்சை டப்பா அம்மாவுக்கு, மஞ்சள் டப்பா செவலைக்கு. ஒருவர் மருந்தை இன்னொருவருக்குப் போடக் கூடாது, இரண்டும் வேறு வகை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பத்தாவது மாதத்தில் செவலையின் கண்ணில் வெள்ளை படர ஆரம்பித்தது. சர்க்கரை வந்த நாய்கள் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது பார்வை இல்லை. தண்ணீர்ச் சட்டியை நாங்கள் இடம் மாற்றுவது இல்லை. வாசலில் மூட்டை வைப்பதும் இல்லை. தோட்டப் பாதை அதற்கு மூக்கிலேயே தெரியும். புது ஆள் ஸ்டோர் பக்கம் வந்தால் இன்றைக்கும் குரைத்து ஊரைக் கூட்டிவிடும்.

கேள்வி கேட்ட வாசகர் இந்நேரம் நாயை மருத்துவரிடம் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். சர்க்கரைதான் என்று சொல்லியிருந்தால், ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். அளவை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வீட்டில் ஒரு காலண்டரை மாட்டுங்கள், தேன் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இதை எழுதி முடிக்கும்போது மணி ஆறு இருபது. செவலை சோற்றுச் சட்டியைக் காலி செய்துவிட்டு, நான் ஊசி போட உட்காரும் முக்காலிப் பக்கத்தில் வந்து நிற்கிறது.