பட்டறையில் ஓர் எம்37

டாட்ஜ் எம்37, அமெரிக்க ராணுவத்துக்காக 1951 முதல் 1968 வரை, இடையில் சில ஆண்டுகள் நின்று, தயாரான, முக்கால் டன் சுமை ஏற்றும் பிக்கப் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். முன்கண்ணாடியை மடித்து பானெட்டின் மேல் சாய்த்துவிடலாம். கூரை கித்தான், பின்தொட்டியில் படைவீரர் உட்கார மடக்குப் பலகைகள். 1958 முதல் வந்த வகைக்கு எம்37பி1 என்று பெயர். கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் ஓடிய இந்த வண்டி, இரண்டாம் உலகப் போர்க்கால டபிள்யூசி வரிசையின் வாரிசு. 1946இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த டாட்ஜ் பவர் வேகனும் அதே குடும்பம்தான். எம்37க்கு இன்றும் உதிரி பாகம் கிடைப்பதற்கு இந்த உறவும் ஒரு காரணம்.

ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளில் ஒரு பகுதி நேரே ஏலத்துக்குப் போயிற்று. இன்னொரு பகுதி, கூட்டரசின் உபரிப் பொருள் திட்டம் வழியாக மாநில வனத்துறைகளுக்கும் கிராமத்துத் தீயணைப்பு நிலையங்களுக்கும் சென்றது. அங்கே பின்தொட்டியில் தண்ணீர் டாங்கியும் பம்பும் ஏற்றி, சிவப்பு பெயின்ட் அடித்து, காட்டுத்தீக்கு அனுப்பினார்கள். ஆகவே இன்று பட்டறைக்கு வரும் எம்37 பெரும்பாலும் படையிலிருந்து நேராக வருவதல்ல. தீயணைப்பு நிலையத்திலோ பண்ணைக் கொட்டகையிலோ இரண்டாவது ஆயுளையும் முடித்துவிட்டு வருவது. வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காகிதம். அரசிடமிருந்து கைமாறியதற்கான எஸ்எஃப்-97 சான்று இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்வது பெரும்பாடு.

அமெரிக்க நடுமேற்கில் நான் பார்த்த பட்டறையில் வேலை பிரிப்பதில் தொடங்குகிறது. பானெட்டின் பக்கத் தகட்டை ஈரமாக்கி உப்புத்தாளால் தேய்த்தால் மேலிருக்கும் சிவப்பு போய், அடியில் ஆலிவ் பச்சை, அதற்கும் அடியில் இன்னொரு பச்சை என்று வண்டியின் வரலாறு வளையம் வளையமாக வெளிவருகிறது. நிதானமாகத் தேய்த்தால் வெள்ளை எழுத்தில் பழைய ராணுவப் பதிவு எண்ணும் தெரியும். அதைப் படம் எடுத்து அளவு குறித்துக்கொள்கிறார்கள். கடைசியில் அதே இடத்தில் அதே எண்ணை எழுதுவதற்காக. ஈரமாகத் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கால பெயின்டில் ஈயம் இருக்கும், பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். உலர்ந்த தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாது. காற்றுக்குழாயால் பிரேக் டிரம்மை ஊதுவதற்கு அங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

புதிதாக வந்தவர்கள் தடுமாறும் இடம் சக்கர நட்டு. ஓட்டுநர் பக்கமான இடப்புறச் சக்கரங்களுக்கு மரை தலைகீழாக இருக்கும். வலப்புறம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி மிதித்தால் போல்ட் முறிந்துவிடும். துருவில் இறுகிய மற்ற போல்ட்டுகளுக்கு முதலில் எண்ணெய், பிறகு கேஸ் தீ, மறுபடியும் எண்ணெய். அவசரமே கிடையாது. தலை முறிந்துபோன போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பிவிட்டால், அந்தச் சூட்டிலேயே துருப்பிடி தளர்ந்து, ஸ்பேனருக்கு இணங்கி வந்துவிடும்.

எஞ்சின் ஆறு சிலிண்டர் பெட்ரோல். 230 கன அங்குலம், ஏறக்குறைய 3.8 லிட்டர், 78 குதிரைத்திறன். வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே பக்கவாட்டில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் குளிர்நீர் போய்ச்சேர, பிளாக்கின் உள்ளே முன்னாலிருந்து பின்கோடி வரை ஒரு நீண்ட தகட்டுக் குழாய் செருகியிருக்கும். வாட்டர் பம்பைக் கழற்றினால்தான் அதன் வாய் கண்ணில் படும். ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் எதிரே அதில் ஓர் ஓட்டை. பல ஆண்டுகளில் இந்தக் குழாய் துருவில் கரைந்துவிடுகிறது. அப்போது தண்ணீர் முன்பாதியிலேயே கொட்டிவிடும். பின் சிலிண்டர்கள் வெந்து, வால்வு கருகும். வெளியே ரேடியேட்டரைப் புதுப்பித்தும் பம்பை மாற்றியும் பயன் இருக்காது.

அந்தக் குழாயை எடுப்பதுதான் இந்த எஞ்சினில் கைத்திறனைச் சோதிக்கும் வேலை. ரேடியேட்டரை இறக்கிவிட்டு, மூத்த மெக்கானிக் நீளக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விடுகிறார். மறுகையில் டார்ச். கொக்கி ஏதாவதோர் ஓட்டையில் மாட்டியதும் கம்பியின் மறுமுனையில் இருக்கும் எடைக்கட்டியைப் பின்னால் அடித்து அடித்து இழுக்கிறார். முழுக்குழாய் வருவது அபூர்வம். கை நீளத் துண்டு, விரல் நீளத் துண்டு, பிறகு செதில். பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளையும் தட்டி எடுத்து, உள்ளே கல்லாக இறுகிய துருச்சேற்றைச் சுரண்டி, தண்ணீர் தெளிந்து வரும் வரை பீய்ச்சி அலசுகிறார்கள். புதுக்குழாயின் ஓட்டைகள் வால்வு பக்கம் பார்த்து உட்கார வேண்டும். இவ்வளவு பாடுபடுவதற்குப் புது எஞ்சினே போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் இந்த வேலை சரியாக நடந்த எஞ்சின் இன்னும் பல ஆண்டு சூடேறாமல் உழைக்கும்.

எஞ்சின் நன்றாகிவிட்டாலும் இன்றைய சாலைக்கு எம்37 மெதுவான வண்டிதான். காரணம் எஞ்சின் மட்டுமல்ல, டிஃபரன்ஷியலும். அதன் விகிதம் 5.83, புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.83 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். 9.00-16 டயரோடு மணிக்கு 88 கிலோமீட்டரில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,250 சுற்று ஓடும். அது முழுச்சக்தி தருவதே 3,200 சுற்றில். சேற்றிலும் மேட்டிலும் வரமாக இருந்த விகிதம் நெடுஞ்சாலையில் எஞ்சினை அலற வைக்கிறது. பவர் வேகனின் 4.89 கிரவுன்-பினியன் இதே ஆக்சிலில் பொருந்தும். அதைப் பொருத்தினால் அதே வேகத்துக்குச் சுமார் 2,700 சுற்று போதும். வெளியே எதையும் வெட்டாமல் கிடைக்கும் நல்ல பலன் இது.

இன்னும் வேண்டும் என்பவர்கள் கம்மின்ஸ் 4பிடி டீசலைப் போடுகிறார்கள். நான்கு சிலிண்டர், 3.9 லிட்டர், சுமார் 105 குதிரைத்திறன். ரொட்டியும் சிப்ஸும் கொண்டுபோன பழைய விநியோக வேன்களிலிருந்து கழற்றியது. கூடவே ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டியையும் மாட்டுகிறார்கள். இழுவை பெரிதும் கூடும், அதிர்வும் கூடும். எஞ்சின் தாங்கிகளைப் புதிதாகக் கட்ட வேண்டும். பண்ணையில் தினமும் சுமை இழுக்கிற வண்டிக்கு இது நியாயமான மாற்றம். வார இறுதியில் ஓட்டப்போகும் வண்டிக்குப் பழைய எஞ்சினும் 4.89 விகிதமுமே பொருத்தம்.

எந்த எஞ்சினானாலும், பிரேக்குக்கு முன்னால் எஞ்சினைத் தொடக் கூடாது என்பது பட்டறையின் கட்டுப்பாடு. அது முற்றிலும் சரி. வெறும் வண்டியே இரண்டரை டன்னுக்கு மேல். நான்கு டிரம்முக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்கேயாவது ஒரு குழாய் பொத்துக்கொண்டால் மிதி தரை வரை போய்விடும். மிஞ்சுவது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும் கைபிரேக் ஒன்றுதான். ஆகவே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், புது உலோகக் குழாய்கள், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். அதன் பிறகு பவர் ஸ்டியரிங். சக்கரங்களிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய ரிம்மில் டயரைப் பிடித்திருப்பது தனி வளையம். காற்றடிக்கும்போது அது தெறித்தால் ஆளையே கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்கிறார்கள். சாலைக்கு மட்டும் என்றால் ஒற்றை ரிம்முக்கும் ரேடியல் டயருக்கும் மாறிவிடுவதே நல்லது.

மின்சாரம் 24 வோல்ட். ஆழ்நீரில் இறங்கும் வண்டி என்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் முதல் ஸ்பார்க் பிளக் வயர் வரை எல்லாம் நீர்புகா உறைக்குள். ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் பொறித்த சிறு உலோகப் பட்டை. வயரின் துணி உறை தொட்டாலே உதிர்ந்தாலும், அந்தப் பட்டையைத் துடைத்து எண்ணைப் படித்தால் எது எங்கே போகிறது என்பது தெளிவு. பழைய வயரை எறியும் முன் எண்களைப் புது வயருக்கு மாற்றிக் கட்டும் பெண் தொழிலாளியின் மேசைதான் பட்டறையிலேயே ஒழுங்கானது. 24 வோல்ட்டை அப்படியே விட்டு, செல்போனுக்கும் ரேடியோவுக்கும் ஒரு மாற்றி வைப்பது எளிது. டீசல் போட்டவர்கள் முழுதும் 12 வோல்ட்டுக்குப் போகிறார்கள். இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. நெம்பு சுவிட்சைத் திருப்பிவிட்டுக் காலால் ஸ்டார்ட்டரை மிதிக்க வேண்டும். ஆகவே பூட்டக்கூடிய பேட்டரி சுவிட்ச் ஒன்று அவசியம். திருப்ப விளக்கும் சீட் பெல்ட்டும் இதே கட்டத்தில் சேர்கின்றன. பெல்ட்டின் பிடியைத் தரைத்தகட்டில் நேரே மாட்டாமல், அடியில் கனத்த இரும்புப் பட்டை கொடுத்து மாட்டுகிறார்கள்.

தரைத்தகடு, பேட்டரி அமில நெடி பட்ட பெட்டி, தொட்டியின் பின் குறுக்குச் சட்டம் ஆகியவை துருவின் இருப்பிடங்கள். அழுகியதை வெட்டிப் புதுத்தகடு வெல்டிங் வைத்து, பிரைமர் பூசி, ஆலிவ் பச்சை அடித்து, படமெடுத்து வைத்த எண்ணை எழுதுகிறார்கள்.

ஓட்டம் பார்ப்பது முதலில் பட்டறை முற்றத்தில், பிரேக்குக்காக மட்டும். பிறகு மண் சாலை, கடைசியில் தார்ச்சாலை. திரும்பி வந்ததும் சூட்டோடு டிரம்களைத் தொடாமல் வெப்பமானியால் அளக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்த ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வால்வு இடைவெளி எஞ்சின் சூடாக இருக்கும்போதே சரிபார்க்கப்படுகிறது. ஹெட் நட்டுகளும் சக்கர நட்டுகளும் இன்னொரு முறை இறுக்கப்படுகின்றன, இடப்புறச் சக்கரங்கள் மட்டும் எதிர்த்திசையில்.