மஞ்சள் இலைக்குத் தண்ணீர் மருந்தல்ல!

கனடாவின் டொரண்டோ நகரில், இத்தாலியக் குடும்பங்கள் வாழும் தெருக்களில் நவம்பர் மாதம் ஒரு வேலை நடக்கும். கொல்லைப்புறத்துச் சீமை அத்தி மரத்தின் இலைகள் உதிர்ந்ததும், கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிச் சாக்கு சுற்றிவிடுவார்கள். சிலர் ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தையே சாய்த்துக் குழியில் படுக்கவைத்து மண் மூடுவார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்து மரம் அது. அந்த ஊர்க் குளிரை வெளியில் நின்று தாங்காது.

அப்படிப் பல வருடங்களாக ஒரு மரத்தைக் காப்பாற்றிய பெரியவர், முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. வீட்டை விற்றாயிற்று. புதிதாக வருகிறவர்கள் மரத்தை வைத்திருப்பார்களோ, வெட்டுவார்களோ! இரண்டு குச்சிகளை வெட்டி, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

குச்சிகள் இரண்டு தொட்டிகளில் துளிர்த்தன. தைப்பொங்கல் நேரத்தில் ஆளுக்கு நான்கைந்து இலைகள். அதற்குப் பிறகுதான் தொல்லை. முதல் கன்றின் அடியிலைகள் மஞ்சளாகித் தொங்கின. அந்த அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"அம்மம்மா, மண் இன்னும் ஈரமாக் கிடக்குது. பிறகேன் தண்ணி விடுறியள்?" என்று கேட்டான் பேரன்.

"இலை வாடினா தண்ணி கேக்குது எண்டுதானே அர்த்தம்?"

வெயில் ஊரில் அது பெரும்பாலும் சரி. குளிர்கால வீட்டுக்குள் அப்படியல்ல. வெளிச்சம் குறைவதால் செடி குடிக்கும் தண்ணீரும் குறைகிறது. ஈரம் வற்றாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நின்றபடியே இலை வாடுகிறது. அடியிலைகள் மஞ்சள், மண்ணில் ஈரம், தொட்டியைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் கருப்பு ஈக்கள். மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினார்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டினார்கள். நோயாளிச் செடிக்கு உரம் போடுவதையும் நிறுத்தினார்கள். நொந்த வேரை உரம் மேலும் சுடும்.

இரண்டாவது கன்றின் பிரச்சினை வேறு. மண் சரியாகவே இருந்தது. இலையில் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள், காம்போரம் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டியபோது விழுந்த தூசி நகர்ந்தது. சிலந்திப் பேன்! ஹீட்டருக்கு மேலே இருந்த ஜன்னல் திண்டு அதற்குச் சொர்க்கம். சூடும் வறண்ட காற்றும் இருந்தால் அது மளமளவென்று பெருகும். தொட்டியை அங்கிருந்து மாற்றி, இலையின் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பூச்சிக்கென்றே விற்கும் சோப்புக் கரைசலைத் தெளித்தார்கள். ஒருமுறை போதாது. முட்டைகள் தப்பிவிடும் என்பதால் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, சில வாரங்கள் தொடர வேண்டியிருந்தது.

மார்ச்சில் இரண்டு கன்றுகளும் தேறின. ஆனால் புது இலைகளில் ஒழுங்கில்லாத மஞ்சள் திட்டுகள்; சில இலைகள் கோணலாகவும் விரிந்தன. இரும்புச் சத்துக் குறைந்தால் இளம் இலையில் நரம்பு பச்சையாகவே நிற்கும், இடைப்பகுதி மட்டும் ஒரே சீராக மஞ்சளாகும். இது அப்படி இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். பெரியவர் பார்த்துச் சிரித்தார். அவருடைய மரத்தின் இலைகளும் எப்போதும் அப்படித்தானாம்!

அத்தித் தேமல் நோய். வைரஸால் வருவது, தாய் மரத்துக் குச்சியோடு கூடவே வந்துவிடும். இதற்கு மருந்து இல்லை. ஆனால் இந்த நோயோடு பல காலம் காய்க்கும் மரங்கள் எத்தனையோ. பெரியவர் வருடா வருடம் கூடை நிறையப் பழம் பறித்ததும் அப்படி ஒரு மரத்தில்தான். இதிலிருந்து மற்றவர்களுக்குக் குச்சி வெட்டிக் கொடுப்பதில்லை என்று மட்டும் அந்த அம்மா முடிவு செய்தார்.

மே மாதம் உறைபனி நின்ற பிறகு, தொட்டிகள் வெளியே போயின. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயில். வீட்டுக்குள் வளர்ந்த இலையை நேராக வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும். பத்து நாளும் தொட்டிகளை உள்ளே வெளியே தூக்கியது பேரன்.

"ஒரு இலையும் விழேல்ல அம்மம்மா!" என்று தினமும் கணக்குச் சொன்னான்.