மாசியை அறிவோம், மாலைதீவை அறிவோமா?

சகோதரிகளே, சம்பல் இடிக்க மாசித் துண்டைக் கையில் எடுக்கும்போது அது பிறந்த ஊரை என்றைக்காவது நினைத்ததுண்டா? சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் விறகுபோலக் காயவைத்தால் அதுதான் மாசி. மாலைதீவாரின் திவேஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். நம் அடுப்படிக்கு இத்தனை நெருக்கமான நாட்டைப் பற்றிக் கேட்டால், தண்ணீர் மேல் நிற்கும் ஹோட்டல் குடில்களின் படத்தைத்தான் சொல்கிறோம்.

கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஏறத்தாழ 1,190 தீவுகள். ஊர்மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. உல்லாச ஹோட்டல்கள் பெரும்பாலும் தனித் தீவுகளில் இருக்கின்றன. மதுபானம் அங்கே உண்டு. ஊர்மக்கள் வாழும் தீவுகளில் தடை. முன்பு வெளிநாட்டார் ஊர்த் தீவுகளில் தங்குவது அரிது. 2009ஐ ஒட்டி விதிகள் தளர்ந்தபின் அங்கே சிறு விருந்தினர் விடுதிகள் எழுந்துள்ளன. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் சிபாரிசு இவைதான். செலவும் குறைவு, முழு உடையோடு கடலில் இறங்கினால் யாரும் வேடிக்கை பார்ப்பதும் இல்லை.

ஆனாலும், ‘அவர்களும் முஸ்லிம்கள்தானே, எல்லாம் நம்மைப் போலத்தான்’ என்று எண்ணிப் போகாதீர்கள். 1343இல் அங்கு சென்ற இப்னு பதூதாவுக்கும் அந்த நினைப்பு இருந்திருக்கும். காழியாக அமர்ந்த அவர், பெண்களின் உடைப் பழக்கத்தை மாற்ற முயன்று முடியாமற்போனதைத் தாமே எழுதிவைத்தார். அப்போது நாட்டை ஆண்டவரும் ஒரு பெண்மணி, சுல்தானா கதீஜா! காழியாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தலைநகர் மாலேயில் 1658இல் கட்டிய ஹுகுரு மிஸ்கித்தைத் தவறவிடாதீர்கள். ஹுகுரு என்றால் வெள்ளிக்கிழமை. நம் பெரியவர்கள் சொல்லும் சுக்கிரவாரம் நினைவுக்கு வரும். சுவர்கள் முழுக்க முருகைக்கல், அதில் நுணுக்கமான செதுக்கு வேலை.

முருகைக்கல்லே அவர்களின் நிலமும். பெரும்பாலான இடங்கள் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீற்றர்கூட உயரமில்லை. 2004 டிசம்பர் 26 அலை நம் கரையோரங்களைத் தின்ற அதே நாளில், அங்கே கந்தொல்ஹுதூ என்ற தீவு குடியிருக்க முடியாததாகிவிட்டது. அதன் மக்கள் சில ஆண்டுகள் சிதறி வாழ்ந்து, பிறகு துவாஃபரு என்ற தீவில் ஊரையே புதிதாகத் தொடங்கினர். அம்பாறைக் கரையில் வீடிழந்த சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆறு இல்லாத நாடு. குடிநீர் மழையிலிருந்தோ, உப்பு நீக்கிய கடலிலிருந்தோதான் வரவேண்டும். ஆகவே விடுதியில் குழாயைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள். பிள்ளைகள் பொறுக்கும் முருகைக்கல்லையும் பெட்டியில் வைக்காதீர்கள்; அதை வெளியே கொண்டுசெல்லத் தடை. ஜனவரி முதல் மார்ச் வரை கடல் அமைதி. வள்ளத்தில் குமட்டும் என்பவர்கள் அந்த மாதங்களில் போவது நல்லது.

காலையில் மஸ்ஹுனி சாப்பிடுங்கள்: மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, தொட்டுக்கொள்ள ரொட்டி. நம் சம்பலின் தங்கை! திரும்பும்போது மீன் அவித்த சாற்றைக் கூழாக வற்றக் காய்ச்சிய ரிஹாகுரு ஒரு போத்தல் வாங்கலாம். இரண்டு பையில் இறுக்கிக் கட்டுங்கள். கசிந்தால் பெட்டியிலுள்ள உடுப்பெல்லாம் மணக்கும்.