கோகோ கேட்பது கொழுப்பைத்தான்

பலசரக்குக் கடையில் கோகோ என்ற பெயரைச் சுமந்துகொண்டு மூன்று வகைப் பெட்டிகள் இருக்கும். பாலில் கரைத்துக் குடிக்கும் மால்ட் மாவு ஒன்று. டிரிங்கிங் சாக்லேட் இன்னொன்று. கேக் சாமான்களோடு கீழ்த்தட்டில் ஒதுங்கிக் கிடக்கும் இனிப்பில்லாத கோகோ பவுடர் மூன்றாவது. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது மட்டும்தான் ஆகும். பெட்டியின் முகப்பைப் பார்த்து எடுக்க வேண்டாம், திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதலில் நின்றால், நீங்கள் காசு கொடுப்பது சர்க்கரைக்கு. நல்ல பெட்டியில் கோகோவைத் தவிரப் பெரிதாக வேறெதுவும் இருக்காது.

எங்கள் வீட்டுக்குள் கோகோ வந்தது அம்மாவுக்காக. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொன்னபடி சோற்றையும் பலகாரத்தையும் குறைத்தபோது, அம்மா சோறில்லாமல்கூடச் சமாளித்துக்கொண்டார். நாலு மணிக்கு மேல் வருகிற ஏக்கத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. (மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.) கோகோ பவுடரின் அட்டவணையைப் பார்த்தவர்கள் பலர் பயந்து திரும்ப வைத்துவிடுகிறார்கள். 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 58 கிராம் என்றால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அதில் 33 முதல் 37 கிராம் வரை நார்ச்சத்து. சர்க்கரை 2 கிராம்கூட இல்லை. அதோடு, யாரும் கோகோவை 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு மேஜைக்கரண்டி கோகோ 5 கிராம் எடைதான் இருக்கும். நாரைக் கழித்தால் உடம்பில் சேரும் மாவுச்சத்து ஒரு கிராமுக்குச் சற்றே மேல். இரண்டு கரண்டி போட்டாலும் ஒரு நாள் கணக்கில் அது பெரிய செலவு இல்லை.

சமையலில் கோகோ ஏன் நாம் நினைத்தபடி வருவதில்லை என்று கேட்டால், அதற்கான பதில் 1828இல் இருக்கிறது. கோகோக் கொட்டையின் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அரைத்தால் தூளாகாது, கெட்டியான விழுதாகத்தான் வரும். அந்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வான் ஹவுட்டன் குடும்பத்தார் அந்த விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். பிழிந்தபின் கிடைத்த கட்டியை இடித்துச் சலித்ததுதான் கோகோ பவுடர். பிரித்தெடுத்த கோகோ வெண்ணெய்க்கும் விரைவில் வேலை வந்தது. 1847இல் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனம் அந்த வெண்ணெயைச் சர்க்கரையோடும் கோகோவோடும் சேர்த்து, அச்சில் வார்த்துக் கடித்துத் தின்னும் சாக்லேட்டைச் செய்தது. அதற்கு முன்பு மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் பல நூற்றாண்டுகள் கோகோவை மிளகாயும் மணப்பொருள்களும் சேர்த்து, கரும்புச் சர்க்கரை இல்லாமலே குடித்து வந்திருக்கிறார்கள். எக்வடாரில் கிடைத்த பழம்பாண்டங்களில் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய கோகோவின் தடயம் இருக்கிறது. அந்த வயதோடு பார்த்தால் கோகோவுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு நேற்றையது.

ஆக, நம் கையில் இருக்கும் தூள் கொழுப்பை இழந்த ஒன்று. வெறும் தண்ணீரில் கலக்கினால் நாக்கில் வறட்சியும் கசப்பும் மட்டும் மிஞ்சும். வழக்கமாக அந்தக் குறையைச் சர்க்கரையால் மூடுகிறோம். குறைந்த மாவுச்சத்துச் சமையலில் சர்க்கரைக்கு இடமில்லை, கொழுப்புக்குத் தாராளமாக இடமுண்டு. எந்திரம் பிழிந்தெடுத்ததைத் தேங்காய்ப்பாலாகவோ வெண்ணெயாகவோ திருப்பிக் கொடுத்துவிட்டால், கோகோ தானாகவே சாந்தமாகிவிடும். இனிப்பு கொஞ்சம் போதும், சில நாள் வேண்டவே வேண்டாம்.

முதல் நாள் சுடுநீரில் குழைத்த கோகோவைக் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்த அம்மா, "என்னடி இது, கஷாயம் மாதிரி இருக்கு" என்றார். "இரும்மா, இன்னும் தேங்காப்பால் ஊத்தலையே" என்றேன். ஊற்றிக் கொடுத்த பிறகு பேச்சே இல்லை, டம்ளரைக் காலி செய்துதான் வைத்தார்.

செய்முறை எளிது, ஆனால் வரிசை மாறக் கூடாது. ஒரு மேஜைக்கரண்டி கோகோவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, இரண்டு கரண்டி கொதிநீர் விட்டு விழுதாகக் குழைக்க வேண்டும். கோகோ கரைகிற பொருளே இல்லை. நுண்ணிய துகள்கள்தான், அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் கொழுப்பு தண்ணீரைத் தள்ளிவிடும். நிறையத் திரவத்தில் தூவினால் கட்டி கட்டியாக மிதப்பது அதனால்தான். சூட்டில் குழைக்கும்போதுதான் மணமும் முழுதாக வெளிவரும். உப்பு இங்கே உவர்ப்புக்காக அல்ல, கசப்பை நாக்குக்குத் தெரியாமல் அடக்குவதற்கு. பிறகு திக்கான முதல் தேங்காய்ப்பாலைச் சூடு செய்து, பொங்க விடாமல் ஊற்ற வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். பட்டைத்தூளோ சுக்கோ மிளகோ உங்கள் விருப்பம். நான் சுக்கு போடுவேன்.

கடையில் எதை எடுப்பது என்பதில் இன்னொரு பிரிவும் உண்டு. சேர்மானப் பட்டியலில் கோகோவுக்குப் பக்கத்தில் அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 501 அல்லது 500 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருளால் பதப்படுத்தியது. டச்சு முறை என்பார்கள், இதுவும் வான் ஹவுட்டன் வீட்டு வழிதான். எண் எதுவும் இல்லையென்றால் இயற்கைக் கோகோ. இயற்கைக் கோகோ இளம்பழுப்பாக, லேசான புளிப்போடு இருக்கும். டச்சுக் கோகோ கருத்திருக்கும், புளிப்பு இருக்காது, சுவை மென்மையாக இருக்கும். நிறம் கருத்தால் சரக்கு வீரியமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பதப்படுத்தல் கூடக்கூட நிறம் கருக்கும். கோகோவின் பெருமையாகச் சொல்லப்படும் ஃபிளவனால்களும் அதில்தான் அழிகின்றன. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இயற்கைக் கோகோவின் ஒரு கிராமில் சராசரியாக 35 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. கடுமையாகப் பதப்படுத்தியதில் 4 மில்லிகிராம்தான்.

அதற்காக டச்சுக் கோகோவை ஒதுக்கிவிட நான் சொல்லமாட்டேன். புளிப்பு குறைவதால் இனிப்பும் குறைவாகவே தேவைப்படும், நமக்கு அது பெரிய லாபம். கோகோவை மருந்தாக நினைப்பதும் சரியில்லை. 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குப் பல ஆண்டுகள் கோகோச் சாற்றை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மொத்த இதய நோய் நிகழ்வுகள் அதனால் உறுதியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. நான் இரண்டும் வைத்திருக்கிறேன். குடிக்க டச்சு, கேக்குக்கு இயற்கை.

கேக்குக்கு இயற்கைக் கோகோ ஏன் என்றால், அதன் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்து மாவை உப்ப வைக்கும், புளிப்பும் அதிலேயே கழிந்துவிடும். டச்சுக் கோகோவோடு சோடாவை மட்டும் போட்டால் கேக் எழும்பாமல் சோப்பு வாடை அடிக்கும், அதற்குப் பேக்கிங் பவுடர் வேண்டும். என் அளவு இது: பாதாம் மாவு 100 கிராம், கோகோ 25 கிராம், முட்டை மூன்று, வெண்ணெய் 80 கிராம், தயிர் இரண்டு கரண்டி, சோடா கால் டீஸ்பூன், சர்க்கரைக்குப் பதிலாகப் பொடித்த எரித்ரிட்டால் 60 கிராம். வெண்ணெயை உருக்கி அந்தச் சூட்டிலேயே கோகோவைக் குழைத்து, ஆறிய பிறகுதான் முட்டை. இந்த இடத்தில் அவசரம் கூடாது. கேக்கில் சர்க்கரை இனிப்பு மட்டும் தருவதில்லை, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. அது இல்லாத கேக்கில் கோகோ இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். கொழுப்பில் முன்பே ஊறிய கோகோ அவ்வளவு உறிஞ்சாது. அவன் இல்லாதவர்கள் குக்கரில் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, சிறு தீயில் அரை மணி நேரம் வைக்கலாம். கருத்த கேக்கில் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது, குச்சியைக் குத்தித்தான் பார்க்க வேண்டும். எட்டுத் துண்டு போட்டால் துண்டுக்கு 2 கிராம் அளவில்தான் மாவுச்சத்து.

எரித்ரிட்டாலைப் பொடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆறியதும் மணல் மணலாகத் திரும்ப உறையும். நாக்கில் ஒரு குளிர்ச்சியும் வரும். ஸ்டீவியாவுக்கே ஒரு பின்கசப்பு உண்டு, அது கோகோவின் கசப்போடு சேர்ந்து இரட்டிப்பாகும் என்பதால் நான் தனியாகப் போடுவதில்லை. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றும் இந்தக் கணக்கில் சர்க்கரையேதான். சுகர்ஃப்ரீ என்று விற்கும் சாக்லேட்டுகளில் மால்டிட்டால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும், வயிற்றையும் உப்ப வைக்கும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் கோகோவை அடிக்கடி சாப்பிடக் கூடாது, ஆக்சலேட் அதிகம். பொட்டாசியமும் நிறைய இருப்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டே தொட வேண்டும். சில நாட்டு மண்ணிலிருந்து காட்மியம் என்ற உலோகமும் கொட்டைக்குள் ஏறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கடையில் விற்கும் கோகோ பவுடருக்குக் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்று 2019 முதல் வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கரண்டிக்கு மேல் போவதில்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அங்கே சிறிய அளவில் தூளாக்கி விற்பவர்களும் உண்டு. அவர்களிடம் வாங்கினால் கொட்டையை எத்தனை நாள் புளிக்க வைத்தார்கள் என்று கேளுங்கள். பழத்தை உடைத்ததும் வெள்ளைச் சதையோடு ஐந்து முதல் ஏழு நாள் வரை மூடிப் புளிக்க வைத்தால்தான் பின்னால் வறுக்கும்போது சாக்லேட் மணம் பிறக்கும். அதில் அவசரப்பட்ட கொட்டையை எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் வெறும் துவர்ப்புதான். மூடியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். புகை வாசம் வந்தால் அடுப்புப் புகையில் காய்ந்த கொட்டை. காறலடித்தால் கொழுப்பு கெட்ட பழைய சரக்கு.

கோகோவை இனிப்போடு மட்டுமே கட்டிப்போட வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவின் பியூப்லா, வஹாக்கா பக்கத்து மோலே குழம்புகளில் காய்ந்த மிளகாய், எள், கொட்டைகளோடு சாக்லேட்டும் சேரும். அதைப் படித்த பிறகு எள்ளும் மிளகாயும் வறுத்தரைக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் அரை டீஸ்பூன் கோகோவை நல்லெண்ணெயில் குழைத்து விட்டுப் பார்த்தேன். புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சேர்த்தால் போதும். மட்டன் சுக்காவுக்கும் இதே அளவுதான், மிளகு தூவுகிற நேரத்தில்.