வளையல் விற்று வாங்கிய கைப்பேசி

எங்கள் மூத்த காக்கா சென்னை மண்ணடியில் இரும்புச் சாமான் வணிகம் செய்து வந்தார்கள். கைப்பேசி வாங்கியது 1998-இல். வரும் அழைப்புக்கும் காசு கட்டிய காலம் அது. வீண் செலவு என்று தயங்கியவர்களை வற்புறுத்தி, தம் வளையலை விற்றுப் பணம் கொடுத்தவர் மதினிதான்.

2011 பிப்ரவரி கடைசியில் மூளைக் கட்டியால் காக்கா வஃபாத்தானார்கள். மதினி இத்தாவில் இருந்தபோதே, மே மாத இறுதியில் அச்செய்தி வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கைப்பேசியின் ரேடியோ அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்னும் '2பி' பிரிவில் சேர்த்திருந்தது. இத்தா முடிந்த பின்னும் மதினி வளையல் அணியவில்லை. துக்கம் என்றே நினைத்திருந்தோம். 2024-இன் இறுதியில் ஒரு நாள்தான் வாய் திறந்தார்:

"தம்பி, அவங்க வலக் காதுலதான் பேசுவாங்க. கட்டியும் வலப் பக்கந்தான். நான்தானே வாங்கிக் குடுத்தேன்."

பதின்மூன்று ஆண்டுகள்! அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நான் மருத்துவனல்லன்; ஓய்வு பெற்ற ஆசிரியன். கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். பதின்மூன்று நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வொன்று, மொத்தம் 1,640 மணி நேரத்திற்கு மேல் பேசியவர்களிடம் ஒருவகை மூளைக் கட்டி சற்று மிகுதியாகக் காணப்பட்டதாகக் கூறியது. கணக்கிட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு அரை மணி என்றாலே பத்தாண்டில் 1,800 மணியைத் தாண்டிவிடும். காக்கா அதற்கும் மேல் பேசியவர்கள். மேற்கொண்டு படிக்க இரண்டு நாள் மனம் வரவில்லை.

ஆயினும், பிழைகளுக்கு இடமிருப்பதால் கைப்பேசியே காரணம் என முடிவு கட்ட இயலாது என்று அவ்வாய்வாளர்களே எழுதியிருந்தார்கள். நோய் வந்தபின் நோயாளியைக் கேட்டுப் பெற்ற கணக்கு அது. நாளுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் அதில் உண்டு. கட்டி இருக்கும் பக்கத்துக் காதில்தான் பேசினோம் என்று மனம் தானே நம்பிக்கொள்ளும். மதினியின் நினைவும் அப்படித்தானோ? காக்கா இரு காதிலும் பேசியதை நான் கண்டிருக்கிறேன். அந்த '2பி' பட்டியலில் ஆசிய முறையில் உப்பிலிட்ட காய்கறிகளும் உள்ளன என்றறிந்தபோது, எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தது.

நோயற்றவர்களை முதலிலேயே பதிவு செய்து பின்தொடர்வதே நம்பத் தகுந்த வழி. பிரிட்டனில் ஏழரை லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களை அவ்வாறு தொடர்ந்த ஆய்வு 2022-இல் வெளியானது. கைப்பேசி பயன்படுத்தியவர்களிடம் மூளைக் கட்டி மிகுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளைத் திரட்டி 2024-இல் வெளியான மதிப்பீடும், பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய்த் தொடர்பைக் காணவில்லை. இவ்வலைகளுக்கு நம் உயிரணுவின் மரபுப் பொருளை உடைக்கும் ஆற்றல் இல்லை.

அச்சமிருப்பவர் காதிலிருந்து விலக்கி வைத்துப் பேசலாம். சமிக்ஞை குறைந்த இடத்தில் கருவி கூடுதல் ஆற்றலோடு இயங்குமாதலால் அங்கே பேச்சைச் சுருக்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவதுதான் உறுதியாக உயிரைப் பறிப்பது.

இவற்றையெல்லாம் மதினியிடம் பொறுமையாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"அப்ப, எதனால தம்பி வந்துச்சு?"

பெரும்பாலான மூளைக் கட்டிகளுக்குக் காரணம் மருத்துவர்களுக்கே தெரியாது என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை ஷார்ஜாவிலிருந்து மகன் அழைத்தான். வழக்கம் போல ஒலிபெருக்கியைப் போட்டு, கருவியை மேசை மேலேயே வைத்துப் பேசினார்.