சாரைக் குட்டியின் சட்டை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் சாரையைக் கண்டு யாரும் நடுங்கியதில்லை. வரப்பில் அது குறுக்கே ஓடினால், "எலி பிடிக்கப் போகிறது, விடு" என்பார் தாத்தா. ஆறேழு அடி நீளம். மஞ்சளும் பழுப்பும் கலந்த மேனி. பின்னுடலிலும் வாலிலும் கறுப்புக் கோடுகள். உதட்டில் மை தீட்டினாற்போல் நெட்டுக் கீற்றுகள். சாரை என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் இதுதான். தில்லியில் இதையே 'தாமன்' என்கிறார்கள். பெயர் வேறு, உருவம் ஒன்றே.

ஆனால் நண்பர்களே, இது வளர்ந்த சாரையின் உருவம் மட்டுமே. அதன் குட்டியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஒன்றேகால் அடிதான் இருக்கும். சாம்பலும் பச்சையும் கலந்த மேனி. உடலின் முன்பாதியில் வெளிறிய குறுக்குப் பட்டைகள். வளர வளர இந்தப் பட்டைகள் மங்கி மறைகின்றன. பின்னுடலின் கறுப்புக் கோடுகள் அழுத்தம் பெறுகின்றன. முன்னே இருந்த கோலம் அழிந்து, பின்னே வேறொரு கோலம் எழுகிறது.

பழைய சட்டையை உரித்துவிட்டுப் புதிய நிறத்தில் பாம்பு புறப்படுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். வேலியோரம் கிடக்கும் பாம்புச் சட்டையை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய நிறமே இராது. நிறத்தைத் தரும் நுண்ணறைகள் அதற்கு அடியிலுள்ள தோலில் இருக்கின்றன. அவை சிறிது சிறிதாக மாறுவதால் நிறமும் சிறிது சிறிதாகவே மாறுகிறது.

சிறு குட்டிக்குப் பகை மிகுதி. புல்லின் நிழலோடு கலந்து மறைய, உடலைத் துண்டு துண்டாகக் காட்டும் பட்டைகள் உதவும் என்பது அறிஞர் கருத்து. வளர்ந்த சாரைக்கோ ஓட்டமே காவல்.

நம் சாரைக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. அமெரிக்காவிலும் எலி தின்னும் பாம்புகள் உண்டு, இனம் வேறு. அங்கே ஒரு வகை வளர்ந்தபின் கரிய நிறம் கொள்ளும். பிளாரிடாவில் மற்றொரு வகை மஞ்சள் மேனியில் நான்கு நெடுங்கோடுகளைப் பெறும். ஆனால் இரண்டின் குட்டிகளும் சாம்பல் நிறத்தில் கருந்திட்டுகளோடுதான் பிறக்கின்றன. அந்தத் திட்டுகளைக் கண்டு நச்சுப் பாம்பென்று அங்கும் அடித்துவிடுகிறார்கள்.

இங்கும் அதுதான் நடக்கிறது. சென்ற செப்டம்பரில், மழை விட்ட ஒரு பகல் வேளையில், எங்கள் விடுதிக் குழாயடியில் ஒரு குட்டிப் பாம்பை அடித்துப் போட்டிருந்தார்கள். "கட்டுவிரியன்! பட்டையைப் பார்!" என்றார் அடித்தவர். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விலங்கியல் பயிலும் நண்பர் குச்சியால் அதை நிமிர்த்திக் காட்டினார். கண்கள் பெரியவை; பட்டைகள் கழுத்திலிருந்து தொடங்கிப் பாதி உடலோடு நின்றுவிட்டன. கட்டுவிரியனுக்குக் கண் சிறிது. கரிய, பளபளக்கும் உடலில் வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக, வால் பக்கமே தெளிவாக இருக்கும். அது இரவில் உலவுவது. சாரை பகலில் திரிவது. செத்துக் கிடந்தது சாரைக் குட்டி.

அடித்தவரை நான் பழிக்கவில்லை. கட்டுவிரியன் கடித்தால் உயிர் போகும். கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாமல் போகலாம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதே ஆள் வளர்ந்த தாமனைக் கண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பெரியதற்கு வழிவிடும் கை சிறியதை அடிப்பது குரூரத்தால் அன்று, அதன் பிள்ளைப் பருவத்தை அறியாமையால்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாரைக்கும் காவல் தருகிறது. குழாயடியில் தடி ஓங்கும் நேரத்தில் சட்டம் யாருக்கு நினைவு வரும்? கண்ணுக்குப் பழக்கம் இருந்தால்தான் கை தயங்கும்.

நான் சொன்ன அடையாளங்களை நம்பி எந்தப் பாம்பையும் தொட்டுவிடாதீர்கள். ஐயமிருந்தால் நாலு முழம் விலகி நின்று, வனத்துறைக்குச் சொல்லுங்கள். விலகி நிற்பவரை எந்தப் பாம்பும் துரத்தி வந்து கடிப்பதில்லை. அந்த நாலு முழம் உங்கள் உயிரைக் காக்கும். சாரைக் குட்டியையும் காக்கும்.